நம்ம கட்சிப் புழு

புளியங்குடி
3.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போன் போட்டால், "கம்பெனி லைன்ல நிக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கும் ஓ.டி. என்று வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அங்கே பிள்ளைப்பாக்கத்தில் மாவுப்பூச்சி விழுந்த எலுமிச்சைத் தோட்டத்தைத் தேற்றிக் கொடுத்தால் அதிலுள்ள வீட்டில் நம்மைக் குடிவைப்பதாகத் தோட்டத்துச் சொந்தக்காரர் ராஜாமணி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம், சேர்ந்து இருந்தது நாற்பது நாள்.

இந்தக் கடிதத்தோடு தம்பி பேச்சிராஜிடம் பொறிவண்டுகள் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஷிப்டில் இருந்தாலும் அவனே மரங்களில் விட்டுவிடுவான். மாவுப்பூச்சியைத் தின்பவை அவை. அவற்றின் குஞ்சும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆனால் பெரிசு, விறுவிறுவென்று ஓடும். அது நம்ம கட்சி. தொட்டுவிடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள்.

உங்கள்
இசக்கிசெல்வி

ஒரகடம்
2.3.2025

ஏட்டி செல்வி,

உன் புருஷனை நீ மெச்சிக்கொள்ளலாம். தோட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு, மாவுப்பூச்சிக்கு அப்பன் மாதிரி, இலைக்கு இலை ஓடியது. ஷிப்ட் முடிந்து நாலு சாயங்காலம் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் நசுக்கினேன். மிச்சத்துக்கு மருந்தும் அடித்தாயிற்று. ராஜாமணி வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா மகாராஜா, சுத்தமா கீது. சித்திரைக்குள்ள மரம் தேறலன்னா வெட்டிட்டு லாரி நிறுத்த வுட்டுருவேன், பாத்துக்கோ" என்றார். தேறிவிடும். நீ துணிமணியை மூட்டை கட்டு.

மகாராஜா

புளியங்குடி
7.3.2025

அத்தான்,

நீங்கள் நசுக்கியது அந்த வண்டின் குஞ்சுகளை. பெரிசு, ஓடும், தொடாதீர்கள் என்று கோடு போட்டு எழுதியிருந்தேனே. அடையாளம் ஒன்றுவிடாமல் பார்த்துக் கொன்றிருக்கிறீர்கள்.

தோட்டம் கிடக்கட்டும். என் கடிதத்தைப் பிரித்தீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

இசக்கிசெல்வி

ஒரகடம்
24.3.2025

செல்விக்கு,

பிரிக்கவில்லை. வழக்கமான ஏச்சுத்தான் இருக்கும் என்று பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதற்கு முந்தினவையும் அப்படித்தான் கிடந்தன.

காம்பிலும் கிளையிலும் மறுபடி மாவு அப்பிவிட்டது. சித்திரை வரைகூட ராஜாமணி பொறுக்கவில்லை. நேற்று மரங்களை வெட்டிவிட்டார்கள். வீட்டையும் இடிக்கப் போகிறார்களாம். இனி உன்னை எங்கே வா என்று கூப்பிடுவேன்?

அறைக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்தேன். ஐப்பசியில் எழுதியதில், நாள் தள்ளிப்போயிருந்தது, பத்தே நாளில் கலைந்துவிட்டது, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் போட்ட பதில் நினைவிருக்கிறது. "கடிதம் கிடைத்தது. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொடுத்துவிடு" என்று எழுதினேன்.

நீயும் கொடுத்துவிட்டிருந்தாய்.

மகாராஜா