திரையில் வெள்ளை உருவம்

மார்ச் 3, திங்கள்
சாயங்காலம் வனத்துறை வேலையாகக் கொல்லிமலை அடிவாரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டேன். வெப்பக் கேமராவில் உயிருள்ளதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். காட்டெருமைகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் ஓர் உருவம் குச்சி நட்டுக் கரண்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. இடது காலை இழுத்து நடந்தது.
லாரி விபத்துக்குப் பிறகு என் அண்ணன் ஜெகதீஸ்வரன் நடப்பது அப்படித்தான்.
ஏதாவது தெரிந்ததா என்று ரேஞ்சர் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க சார்" என்றேன்.

மார்ச் 4
மாட்டுக் கொட்டகையில் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "வேண்டாங்கண்ணா. பாவமுங்க அது."
அவர் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "உம்புருசன் போனப்பறம் உன்னைய ஊட்டுல வெச்சிருக்கறது ஆரு, பிரவீனா? கேமராவ வேற பக்கம் திருப்பிக்க சாமி."
குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த வீட்டை விட்டால் எங்கே போவேன்?

மார்ச் 5
வேறு பக்கம்தான் பறக்கவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
விடிந்ததும் ரேஞ்சர் கூப்பிட்டார். தடத்தில் ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. தொடைக் கறியை அறுத்துக்கொண்டு, கம்பியையும் சுருட்டிப் போய்விட்டார்கள். ட்ரோனில் மேலிருந்து பார்த்தேன். ஆறிப்போன தாய் தரையின் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் கன்று மட்டும் வெள்ளையாக, நகராமல்.
"உன் கேமராவுல யாரும் சிக்கலையாம்மா?"
என்னத்தச் சொல்ல? கூடப் பொறந்தவராச்சே — நானும் சேந்துதான கொன்னுருக்கேன்?

மார்ச் 8
திங்கட்கிழமைப் பதிவைக் கொடுத்துவிட்டேன். "இது எங்கண்ணனுங்க சார்."
ரேஞ்சர் திரையை அணைத்தார். "வீட்டுக்கு எப்படிம்மா போவே?"
போனேன். வேறெங்கே?

மார்ச் 26
அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. தட்டில் சோறு போட்டு என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள் அண்ணி. வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தேன். தனியாக இருக்கும் பொம்பளைக்குத் தரமாட்டார்களாம்.

ஏப்ரல் 2, புதன்
வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி அரிவாளோடு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"அடிவாரத்துக்குப் புல்லறுக்கப் போவோணும். வேற ஆராச்சும் கம்பி கட்டியிருக்காங்களான்னு உன்ற மெசினுல பாத்துச் சொல்லு. அப்பறம் போறேன்."
அண்ணன் உள்ளே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும்.
"பாத்துச் சொல்றனுங்க அண்ணி" என்றேன்.