கைக்கு வராத அடி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. நீங்கள் கப்பலேறியதிலிருந்து "மாமா எப்ப வருவாரு" என்று கேட்டே என் உயிரை எடுக்கிறாள். அண்ணிக்குப் பிரசவம் நெருங்குகிறதே, உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலாளியின் காருக்கு நீங்கள் மாற்றிக் கொடுத்த ஸ்டியரிங்கைப் பற்றி அவருக்குப் பேசித் தீரவில்லை. "கம்பெனியிலிருந்தே ஆளை வரவழைச்சேன். இப்ப இந்த மேடு பள்ளத்துல ஒத்த விரல்ல ஓட்டலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். பொய்யில்லை. முன்பு சக்கரம் குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றும். அதை ஓட்டுகிற உங்கள் மாப்பிள்ளைக்குக் கட்டைவிரல் பிசகி, சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன்.

உங்கள் வேலையைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாக அவர் முகமே சரியில்லை. என்னவென்று கேட்டால், "ரோடு முன்ன கையோட சண்டை போடும். இப்ப ஊமையாயிடுச்சு. அடி கைக்கு வரலேன்னா அது எங்கதான் போகுது?" என்றார். போன வாரம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கம்பியில் மயிரிழை போல ஒரு கோடு. விரிசலா வெறும் கீறலா என்று அவருக்கே நிச்சயமில்லை. "மச்சான் இருந்தா ஒரு பார்வையில சொல்லிடுவாரு" என்றார்.

முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? பயமா இருந்தா இறங்கிக்கோ, வேற ஆள் ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டாராம். விருந்தாளிகளை மலை பங்களாவுக்கு அழைத்துப் போயே ஆக வேண்டுமாம். வேறு ஆள் என்றால் கார் கழுவுகிறவன்தான். நேர் ரோட்டிலேயே அவனுக்குக் கை உதறும். "அவன் உக்காந்தா அத்தனை பேரும் போயிடுவாங்க. நானாவது மெதுவாப் போவேன்" என்றார் இவர். காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். இன்று விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார்.

இதுவரை மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு வைக்கிற நேரம். வெயில் சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னவர் இன்னும் வரவில்லை. டாக்டரின் குதிரை வண்டி மலைப் பக்கம் விரைந்தது. முதலாளி வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போய் நின்றேன். பேச்சு நின்றுவிட்டது. சமையல்காரம்மா மட்டும், "பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போம்மா" என்றார். அப்புறம் அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணா, இந்தக் கடிதத்துக்கு முன்பே முதலாளியின் தந்தி உங்கள் கம்பெனிக்கு வந்திருக்கும். டிரைவர் கை தவறிவிட்டது என்று அதில் இருந்தால், அங்கே அவருக்காகப் பேச உங்களை விட்டால் நாதியில்லை. பேசினால் உங்கள் தலையில்தான் விடியும் என்பது தெரியாதவள் இல்லை நான். இருந்தாலும் பேசுங்கள்.

அண்ணியும், பிறக்கப்போகும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் தங்கை