ஈசல் என்னும் சொல்

இன்று காலை சன்னலடியில் ஈசல் இறகுகள் குவிந்து கிடந்தன. துடைப்பம் நெருங்கும் முன்பே காற்றில் எழும்பி விலகின. பெருக்குவதை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். உன் நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நீ தமிழ், நான் கணக்கு. ஒரு மழை நாளில் ஆசிரியர் அறைக்குள் ஈசல் மொய்த்தபோது, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று உன்னைக் கேட்டேன்.

"பழைய பாட்டுல ஈயல்னு இருக்குதுபா. ஈ மாரி பறக்கறதால வந்திருக்கும். உயிரை நாம உசிருன்றோம் இல்ல? அந்த மாரி ஈயலும் ஈசலாயிடுச்சு" என்றாய். இத்துனூண்டு உடம்புக்கு இவ்வளவு பழைய பெயரா என்று சிரித்தோம்.

அடுத்த ஆண்டு உனக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை. பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டது. திருப்பருத்திக்குன்றத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாய். உன் மாமியார்தான் ஆறுதலாக ஏதோ சொல்ல முயன்றார்.

"ஈசல் மாரி வந்துச்சு, போயிடுச்சு. மனசத் தேத்திக்கமா."

நீ சட்டென்று எழுந்து உட்கார்ந்தாய்.

"ஈசலு பறக்கறதுதான் ஒரு நாளு, அத்த. அதுக்கு முன்னால மண்ணுக்குள்ள எத்தினி நாள் இருந்துதுன்னு யாரு கண்டா? பத்து மாசம் எங்கூடவே இருந்தா. உதைச்சுக்கினு, பொரண்டுக்கினு இருந்தா. அது ஆயுசு இல்லையா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அன்றுதான் நீங்கள் இருவரும் சேர்ந்து அழுதீர்கள்.

நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து இழுத்து, "நானே பேரு வெச்சுட்டேன். சுமதி" என்றாய். பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அந்தப் பெயரை நீ மறுபடி சொல்லிக் கேட்டதில்லை. நானும் பேச்செடுத்ததில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் பெரியவன் என்னைத் தேடி வந்தான். "அம்மாவப் பத்தி எங்களுக்குத் தெரியாதது எதனா இருக்குதா, பெரிம்மா?" என்று கேட்டான். எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாந்தான் மூத்தவன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றான். அப்புறம், கூப்பிட்டுப் பழகுகிறவனைப் போல, மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்:

"சுமதிக்கா."