எடமிருக்குது, ஏறுங்க

மாப்ள,

இன்று காலை பெரியநாயக்கன்பாளையம் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மேட்டுப்பாளையம் போகிற தனியார் பஸ் ஒன்று வந்து நின்றது. ஊதுபத்தியும் டீசலும் வாடின மல்லிகையும் கலந்த அந்த வாசம் முகத்தில் அடித்தது. வேலை முடிந்து நீ என் அறைக்கு வரும்போது உன் சட்டையில் இருக்கும் வாசம். நான் ஏறவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை என் மூக்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் பாட்டு ஓடியது. நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே ஓடியது. ஓடிக்கொண்டிருந்ததை நானே நிறுத்தினேன். பைத்தியக்காரன் என்கிறார்கள். நீ ஒருவன் மட்டும் அப்படிச் சொல்லமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். நீ கண்டக்டராக இருந்த பஸ்ஸில் என் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தோட்டங்களில் கூலிக்கு நின்றே முதுகு வளைந்தவர். தோட்டத்து முதலாளி வீட்டுப் பையன் ஒருவன் ஏறினான். உன் பெரியப்பா மகன் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பாவைப் பார்த்து, “ஏய், எந்திரி” என்றான். அப்பா பழக்கதோஷத்தில் பாதி எழுந்தும்விட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் வரவில்லை. நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாய். அப்பாவின் தோளைத் தொட்டு, “உக்காருங்ணா. டிக்கெட் எடுத்தவரு நீங்க” என்றாய்.

“பங்காளிங்கறத மறந்து போட்டுப் பேசறயா?” என்று அவன் எகிறினான்.

நீ விசில் அடித்தாய். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. “பங்காளிக்கு இந்த பஸ்ஸு சரிப்படாதுங்க. பின்னால வர்றதுல வாங்க” என்று மரியாதை ஒரு துளியும் குறையாமல் அவனை இறக்கிவிட்டாய். அப்பா ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

இறங்கும்போது என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்து, “பாட்டு கேக்கறயா, பாட்டு செய்யறயா?” என்றாய். செய்கிறேன் என்றேன். சர்ச்சில் கீபோர்டு வாசித்துப் பழகியவன், கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட்டு கட்டிப் பிழைக்கிறவன், ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கி வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டு செய்து இணையத்தில் போடுகிறேன், கேட்கத்தான் ஆளில்லை என்றேன். “ஆளா இல்ல? தெனமும் நூறு பேர நான் ஏத்தி எறக்கறேன். பென்டிரைவக் கொண்டா” என்றாய்.

காசு கட்டினால் ஆயிரக்கணக்கில் பார்வை வாங்கித் தருகிறோம் என்று எனக்குத் தினமும் செய்தி வரும். ஒருமுறை ஆசைப்பட்டு உன்னிடம் காட்டினேன். “காசு குடுத்து ஏத்துன கூட்டம் அடுத்த ஸ்டாப்புல எறங்கீரும் மாப்ள” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். உன்னிடம் வேறு ஒரு கணக்கு இருந்தது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நீ கவனிப்பாய். “காதுல இருக்கறதக் கழட்டிப்போட்டு ஒருத்தரு நிமுந்து பாத்தாங்கன்னா, அதுதான் பாட்டு.” நான் முதலில் தந்த பாட்டுகளுக்கு ஒருவரும் கழற்றவில்லை. நீ என்னைத் தேற்றவும் இல்லை. “தூங்கறதுக்கு நல்லாருக்குது, டிரைவரு தூங்கீரப் போறாரு” என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி மறுபடி செய்தேன். ஒருநாள் மில்லுக்குப் போகும் ஓர் அம்மணி கழற்றினார். நீ படியில் நின்றபடியே எனக்குப் போன் போட்டுக் கத்தினாய். பின்னால் டிரைவர் உன்னைத் திட்டுவதும் கேட்டது.

அப்படித்தான் ஆள் சேர்ந்தது. சீட்டுக்குப் பின்னால் என் சேனல் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினாய். சத்தியமங்கலம் ரூட்டுக்காரர்களும் பொள்ளாச்சி ரூட்டுக்காரர்களும் பென்டிரைவ் கேட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் கொடுமுடியிலிருந்தும் எழுதினார்கள். பஸ்ஸில் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர்கள் போகவில்லை. இன்றும் இருக்கிறார்கள்.

உன் குரலைப் பாட்டில் வைக்கலாம் என்றபோது உனக்கு வந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் அறைக்குப் பக்கத்தில் லேத் பட்டறை. அது மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரத்தில்தான் பதிவு செய்ய முடியும். பஸ்ஸில் ஊரையே கூப்பிடுகிறவன், மைக்கைக் கண்டதும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாய். கடைசியில் உன்னை மாடிப்படியில் நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அப்போதுதான் உன் குரல் வந்தது. “காரமடை, மேட்டுப்பாளையம்! ஏறுங்க ஏறுங்க! எல்லாருக்கும் எடமிருக்குது, ஏறுங்க!” பட்டறை மறுபடி ஓடத் தொடங்கும்வரை நீ நிறுத்தவில்லை.

பாட்டின் தொடக்கத்தில் அதை வைத்தேன். நீ கூப்பிட்டு முடித்ததும் தாளம் கிளம்பும். அது வெளிவருவதற்குள் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

பாட்டு வந்து கொஞ்ச நாளில் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. எங்கே கேட்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். வரிசையாகக் கார்கள், முறுக்கின மீசைகள், ‘ஆண்ட பரம்பரை’ என்று பெரிய எழுத்து. பின்னணியில் நம் தாளம். முதல் வீடியோவைப் போட்டவன் அதே உன் பெரியப்பா மகன். உன் குரலை மட்டும் வெட்டி எறிந்திருந்தான். எல்லாருக்கும் இடமிருக்கிறது என்றவனை இறக்கிவிட்டுவிட்டு, பஸ்ஸை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நண்பர்கள் சும்மா இருக்கச் சொன்னார்கள். யார் கேட்டால் என்ன, கேட்கிறார்கள் அல்லவா என்றார்கள். கலைக்குச் சாதி கிடையாது என்று என்னிடம் வந்து பாடம் எடுத்தார்கள். அந்த வீடியோ போட்டவர்களிடம் போய் ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. அத்தனை வருடம் ஒவ்வொருவராகச் சேர்த்தவனுக்கு அந்த எண்ணிக்கை போதையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டே என் அப்பாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வீடியோ மீதும் புகார் கொடுத்து இறக்கத் தொடங்கினேன்.

அவன் போன் செய்தான். “ஏப்பா, வீடியோவ எதுக்குத் தூக்குன? அது எங்க பங்காளி கொரலு. உனக்கென்ன பாத்தியதை?”

“அப்பறம் எதுக்குங்க அதை வெட்டுனீங்க?” என்றேன்.

பஸ்ஸில் வராத வாய் எனக்கு அன்றைக்கு வந்துவிட்டது, மாப்ள. அவன், “இனி இந்தப் பக்கம் ஒரு கோயல் நோம்பிக்கும் உன்ற செட்டு வராது, பாத்துக்க” என்று வைத்துவிட்டான்.

அடுத்து உன் வீட்டுக்குப் போனார்கள். புருஷனின் குரல் சொந்தக்காரர்களுக்கு உரியது என்று உன் மனைவியை எனக்கு எதிராகப் பேச வைக்கப் பார்த்தார்கள். பயந்துகொண்டே நானும் போனேன். உன் சம்சாரம் டீ வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

“கண்டக்டரு வேலைக்குப் போறாருன்னு எங்க கண்ணாலத்துக்கே எட்டிப் பாக்காதவீங்க. எழவுக்கு வந்து மூஞ்சியக் காட்டிப்போட்டுப் போனவீங்க. இப்ப கொரலு மட்டும் ஒறமொறை ஆயிருச்சுங்களா? ஒண்ணு உடாம எறக்குங்ணா.”

ஒன்று விடாமல் இறக்கினேன். எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. அப்பாவின் வேலையையும் எங்கள் தெருவையும் இழுத்து வைத்துத் திட்டினார்கள். அவன் சொன்னபடியே அந்த வருடம் கோயில் திருவிழா ஆர்டர்கள் வரவில்லை. எனக்கு வருத்தமாக இல்லை என்றால் பொய். ஆனால் தலை குனிந்து பாதி எழுந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தியூர்க் குதிரைச் சந்தையில் பலகாரக் கடை போட்டிருந்த ஒருவர் போன ஆடியில் வீடியோ அனுப்பினார். கடை ஸ்பீக்கரில் உன் குரலோடு முழுப்பாட்டும் ஓடுகிறது. நீ கூப்பிட்டதும் நான்கு பேர் சிரித்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களில் யார் என்ன ஆள் என்று எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்றும் தெரியாது.

அன்று மத்தியானம் நீ கத்தியது முழுவதும் என்னிடம் இருக்கிறது. நடுவில் இருமியது, சிரித்தது, “போதுமா மாப்ள?” என்று கேட்டது எல்லாம். அதை வைத்துத்தான் அடுத்த பாட்டைச் செய்து முடித்திருக்கிறேன். இந்தத் தடவை டிரம் வைக்கவில்லை. உன் குரலைத் துண்டு துண்டாக்கி அடுக்கியதுதான் தாளம். ‘ஏறுங்க’ என்பதுதான் அடி. நீ மூச்சு இழுக்கும் சத்தம்தான் இடைவெளி. கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வரட்டும். உன்னை வெட்டி எடுத்தால் அவர்கள் கையில் ஒரு சத்தமும் மிஞ்சாது.