பொய்க்கு ஒரு மணி

தோழரே, இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இந்த மணியின் மேல் சத்தியம் செய்கிறேன். உன் மனைவியின் பூஜை மணிதான். நீ கண்ணை மூடி மூன்று மாதம் கழித்து, இன்று உன் கராஜை ஒழித்தபோது அகப்பட்டது. ஒரே ஒரு அடி அடித்தேன்; நம் அமெரிக்க ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக் முழுக்க பூகம்பம்!

மணிக்கு அடியில் தகர டப்பா. அதற்குள் அந்தப் படச்சுருள். போர்க்காலத்தில் ஜெர்மன் நாஜிகள் கம்யூனிஸ்டுகளைத் தூற்றி எடுத்த பிரசாரப் படம். யாரோ கழித்துப்போட்ட பழைய சாமான்களில் அதைப் பார்த்து, ஊரின் ஒரே கம்யூனிஸ்டான நீ தூக்கி வந்தாய். “என்னைத் திட்டி எடுத்த படத்தை நான் பாக்காம வேற எவன்டா பாப்பான்?”

ஒரு ஞாயிறு மதியம் கராஜ் கதவை இறக்கிவிட்டுத் திரையிட்டாய். பதினாயிரம் பேர் திரண்டோம், டர்ன்பைக் நெடுஞ்சாலையே ஸ்தம்பித்தது. ஒவ்வொரு பொய்க்கும் நீ மணியடித்தாய். கடவுளே இல்லை என்றவன் கையில் மணி ஓயவில்லை. நிம்மதியாக ஒரு பஜ்ஜி தின்ன முடியவில்லை.

பிறகு ஒரு காட்சி. நீ உயிராய் நினைத்த சோவியத் நாட்டில், ஒரு குற்றமும் செய்யாதவர்களை விசாரணையின்றி இழுத்துப்போகிறார்கள். மணி ஒலிக்கவில்லை.

“அடிப்பா தோழரே, கை வலிக்குதா?” என்று சீண்டினேன்.

நீ மணியைக் கீழே வைத்தாய். “இது நடந்துச்சுடா. சொல்றவன் அயோக்கியன்தான். அதுக்காக நடந்தது இல்லேன்னு ஆயிடுமா?”

இன்று டப்பாவைத் திறந்ததும் உன் மகன் வெளிறிப்போனான். “அங்கிள், ப்ளீஸ், ட்ராஷ்ல போட்டுடுங்க. அப்பா நாஜின்னு எல்லாரும் நெனைப்பாங்க.”

“உங்கப்பன் கம்யூனிஸ்டுடா. இந்த ஊர்ல அது அதைவிட மோசம்!”

போடமாட்டேன், தோழரே. இந்தப் பொய்யைக் குப்பையில் எறிந்துவிட்டால், நாளைக்கு இதே பொய் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வரும்போது எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? வரும் ஞாயிறு என் கராஜில் இதே படம். ஊர் பேசட்டும். வருகிறவர்களிடம் நீ யார் என்று நானே சொல்வேன். இதைச் சொன்னதும் உன் மகன் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் எப்போ அடிக்கணும், அங்கிள்?” என்று கேட்டான். எப்போது அடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

சரி, பூகம்பம் வரவில்லை. டர்ன்பைக்கும் நிற்கவில்லை. பதினாயிரம் என்றது, பஜ்ஜிக்காக வந்த ஏழு பேர். இந்த மடலுக்கும் தாராளமாக மணியடித்துக்கொள். நீ மணியைக் கீழே வைத்த இடத்தில் மட்டும் அடிக்காதே. அது நடந்தது.