நாற்பது சஹன்

செப்டெம்பர் 8, திங்கள்
காலையிலிருந்தே தூறல். குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கிக் கண்டிப் பொலிஸ் அலுவலகம் சேருவதற்குள் சேலைக் கரையெல்லாம் சேறு.

மொழிபெயர்ப்பு மேசையில் அவசரக் கோப்பு. வெளிநாட்டுப் பொலிஸ் அனுப்பியது. அங்கே பயங்கரவாத வழக்கில் ஒருவன் பிடிபட்டானாம். அவனோடு ஒரே அறையில் இருந்தவர்களின் போன்களையும் அலசியிருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு எங்கள் ஊர் தெல்தெனியவிலிருந்து ஏகப்பட்ட தமிழ்ச் செய்திகள். மெஷின் மொழிபெயர்ப்பில் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு: "நாற்பது குழு. ஒவ்வொன்றிலும் ஆறு பேர்." வியாழனுக்குள் நான் சரிபார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அனுப்பியவர் வீட்டில் சோதனை.

பெயரைப் பார்த்தேன். நம்ம டெய்லர் நானா! என் பிளவுஸ் இரண்டு அவரிடம்தான் இருக்கிறது.

9, செவ்வாய்
மூலத்தைப் படித்தேன். நானா அந்த வெளிநாட்டிலிருக்கும் தன் மச்சானுக்கு எழுதியது: "நாப்பது சஹன் சொல்லி ஈக்கி. சஹனுக்கு ஆறு பேர். ஆள் கூடினா வெக்கம்."

அட, மகள் கல்யாணச் சாப்பாடு! சிரிப்பு தாங்கவில்லை. பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. எட்டிப் பார்த்தார். படம் வரைந்து காட்டினேன்: நடுவில் பெரிய தட்டு, சோறு, கோழிப் பொரியல், சுற்றி ஆறு தலை.

"இதுவா குழு? நானே இரண்டு குழுவில் இருந்திருக்கிறேனே!" என்றார் சிங்களத்தில்.

டெய்லர் தெரிந்தவர் என்பதையும் சொல்லிவிட்டேன். அதையும் எழுதச் சொன்னார்.

10, புதன்
விளக்கம் ஒரு பக்கம். கூடவே படம்.

ஒரு உறுத்தல். கோப்பில் மகளின் படங்கள், நானாவின் சீனி ரிப்போர்ட், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிய புலம்பல். இதெல்லாம் பொலிசுக்கு எதற்கு? "சேர், வழக்குக்கு வேண்டாததை அழிக்கச் சொல்லி ஒரு வரி போடலாமா?" என்று கேட்டேன். யோசித்தார். "போடு."

வீட்டில் இவர்: "என்னா, தானா சிரிக்கிற?"
"சும்மாதாங்க."

12, வெள்ளி
பதில் வந்தாயிற்று! தொடர்பில்லை, சோதனை வேண்டாம். அவர்கள் நகலை அழித்துவிட்டார்கள், நாங்களும் அழிக்க வேண்டும். ஓ.ஐ.சி. அழித்தார், நான் சாட்சிக் கையெழுத்து. எல்லாருக்கும் பட்டிஸ் வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

14, ஞாயிறு
நல்ல வெயில். பிளவுஸ் எடுக்கப் போனேன். நானா கார்ட் நீட்டினார்.

"தங்கச்சி, மகளுக்குக் கலியாணம். ஊட்டோட வரோணும்."

"அப்படியா நானா! எப்பங்க?" திகதி எனக்கு மனப்பாடம். பூரிப்பு மட்டும் நடிப்பில்லை.

"நாப்பது சஹன்தான் சொல்லி ஈந்த. இப்ப ஒங்களுக்கும் சேத்து நாப்பத்தொண்டு."

'ஆமாம், கோப்பில் நாற்பதுதான்' என்று வாய்வரை வந்துவிட்டது. சட்டென்று பிளவுஸை உதறி, கை இறுக்கம் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தேன்.