நாற்பத்தொரு நாள் அணையாத கம்ப்யூட்டர்

வியாழன் இரவு, மட்டாஞ்சேரி

எங்கள் லேபில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தினமும் காலை ஆறு மணிக்கு லினக்ஸ் கம்ப்யூட்டர் தானாகவே டாக்டர்களுக்கு அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் அந்த 'கிரான்' கட்டளையை அமைத்தவன் நான். திங்கள் முதல் எதுவும் போகவில்லை. நேற்று முதலாளி சேட்டன் கேட்டதும், எதையும் பார்க்காமலே, கூட்டித் துடைக்கும் செல்வியக்காவின் கை பட்டு பிளக் கழன்றிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் எல்லார் முன்னாலும் அக்காவிடம், "இனி அந்த மேசைப் பக்கம் போகண்டா. இன்னொரு தடவை நடந்தா வேற ஆளை வைப்பேன்" என்றார்.

இன்று மதியம்தான் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் நாற்பத்தொரு நாளாக ஒரு தடவைகூட அணையவில்லை. ஒரே ஒரு கட்டளை அடித்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை, முடிவுகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றியது நான்தான். கிரானில் பழைய பெயரே கிடந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் 'அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை' என்று அது எனக்கு மெயில் வேறு போட்டிருக்கிறது. நான் திறக்கவேயில்லை.

பெயரைத் திருத்தினேன். "செரியாயி சேட்டா" என்றேன். எதனால் நின்றது என்பதைச் சொல்லாமல் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் செல்வியக்கா சாயா கொண்டுவந்தார். மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றார். "என் கைதான் பட்டிருக்கும் தம்பி. தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க."

"சாரமில்லக்கா, விடுங்க" என்றேன். அவரை மன்னித்துவிட்டு, சாயாவையும் குடித்தேன்.